படத்துக்குப் போட்ட ஊதா உறை

சேசு மரி சூசை

லிங்கராஜபுரம், பெங்களூர்
பெரிய சனிக்கிழமை, பிற்பகல்

அன்பு மகள் ஸ்னேஹாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஷிப்ட் முடிந்ததும் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று மேலே எழுதியிருக்கிற மூன்று பேரையும் நம்பித்தான் ஆரம்பிக்கிறேன். நம் வீட்டில் எந்தக் கடிதத்துக்கும் அந்த மூன்று பெயரைத் தலையில் போடுவதுதான், ஆனால் இந்தத் தடவை மூன்றாவது பெயரை, சூசையப்பர் பெயரை எழுதும்போது எனக்குக் கை கூசியது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ “சரிம்மா” என்கிறாய், அதற்கப்புறம் எனக்குப் பேச்சு வருவதில்லை. எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறார், பிறகு இதே தாள் தபாலிலும் வரும். உறையில் விலாசம் எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, என் நோட்டில் இன்னும் மாப்பிள்ளை டென்சில் வீட்டு விலாசமே இருக்கிறது, நீ இப்போது இருக்கிற வீட்டு விலாசம் என்னிடம் இல்லை. அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். மடித்து மடித்து ஓரம் நைந்துபோன சீட்டு. எத்தனை நாளாக வைத்திருக்கிறாரோ.

அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இந்தத் தவக்காலம் முழுக்க டீயில் சர்க்கரையை விட்டுவிட்டேன் என்று கோவிலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். டாக்டர் போன வருடமே விடச் சொன்னதை இவர் இப்போது ஆண்டவருக்குக் காணிக்கை வைக்கிறார். நான் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன், சீரியலையும் விட்டேன். வெயில் இந்த வருடம் மார்ச்சிலேயே மண்டையைப் பிளந்தது, நேற்றைக்கு முன்தினம்தான் ஒரு மழை கொட்டி வாசல் தூசி அடங்கியது. மாடி வீட்டு அதிதிக்குப் பெண் குழந்தை, அவள் வீட்டுக்காரர் தேஜஸ் இனிப்பு கொண்டுவந்தார், தவக்காலம் முடியட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தேன், அப்பா தின்றுவிட்டார். இதெல்லாம் சில்லறைச் செய்தி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரியில் நீ போன் பண்ணி, டென்சிலோடு இனி முடியாதும்மா, நவம்பரிலேயே வெளியே வந்துவிட்டேன், சிநேகிதியோடு ஒரு அறையில் இருக்கிறேன் என்று சொன்னாயே, அன்றைக்கு நான் உன்னிடம் முதலில் கேட்டது என்ன என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, அடித்தானா என்று கேட்கவில்லை. சோற்றுத் தட்டை உன் காலடியில் விட்டெறிந்தான் என்று நீயே சொன்ன பிறகும், இங்கே பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர்களைக் கன்னடத்தில் நகர்ந்து உட்காரச் சொல்கிற மாதிரி, சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோடி என்றேன். நீ சிரித்தாய். அது சிரிப்பு இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அப்புறம் பிப்ரவரியில், ஈஸ்டருக்கு மூன்று வாரம் லீவு போட்டு வரட்டுமா என்று கேட்டாய். இப்போது வேண்டாம், தவக்காலம், நம் வட்டாரத்து அன்பியக் குடும்பங்கள் வாரம் ஒரு வீடாகச் செபத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், நம் வீட்டு முறையும் வரும், ஆளாளுக்குக் கேட்பார்கள், கொஞ்சம் ஆறட்டும் என்றேன். நீ “சரிம்மா” என்று சொன்னது அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

நம் கோவிலில் தவக்காலத்தின் ஐந்தாவது ஞாயிற்றுக்கு முன்னால் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடுவதும், அந்த உறைகளைத் தைக்கிறது நான்தான் என்பதும் உனக்குத் தெரிந்ததுதான், சின்ன வயதில் இன்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு நீயும் கூட வருவாயே. பழைய உறைகள் சாயம் போய்விட்டன என்று இந்த வருடம் சிவாஜி நகர் போய்ப் புதுத்துணி எடுத்தேன். மாதாவுக்கு அளவு சுலபம். அந்தோனியாருக்குக் குழந்தை இயேசுவின் தலை முட்டும், அதற்கு மேலே கொஞ்சம் தளர்வு விட வேண்டும். சூசையப்பர் கையில் லீலிப்பூ நீட்டிக்கொண்டிருப்பதால் பக்கவாட்டில் அரைச்சாண் கூட வேண்டும். எல்லாம் தைத்து, எங்கள் அன்பியத் தலைவி குளோரியாவோடு சேர்ந்து சனிக்கிழமை போட்டுவிட்டு வந்தேன். துணியில் ஒரு துண்டு மீந்தது. அந்தத் துண்டு என்னைக் கெடுத்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அன்பியம் நம் வீட்டுக்கு வருவதாக இருந்தது, சிலுவைப்பாதை செபத்துக்கு. கூடத்துச் சுவரில் சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபத்துக்குப் பக்கத்திலேயே உன் கல்யாணப் படம், பெரிய சட்டம் போட்டு, நீயும் டென்சிலும் மாலையோடு. உட்காருகிறவர்கள் கண் நேராக அங்கேதான் போகும், மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று இருபது வாய் கேட்கும். கழற்றி வைத்துவிடலாம் என்று பார்த்தால் நான்கு வருடம் படம் இருந்த இடத்தில் சுவர் மட்டும் பளிச்சென்று சதுரமாகத் தெரிகிறது, அது படத்தைவிட மோசம். அப்போதுதான் எனக்கு அந்த அபார யோசனை வந்தது. தவக்காலம்தானே, கோவிலில் எல்லாம் மூடித்தானே இருக்கிறது, வீட்டிலும் மூடினால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அந்தத் துண்டில் பாடுபட்ட சுரூபத்துக்கு ஒரு உறை, உன் கல்யாணப் படத்துக்கு ஒரு உறை, ஓரம் மடித்து, நாடா வைத்து, ஒரே மாதிரி தைத்து மாட்டிவிட்டேன். தள்ளி நின்று பார்த்தேன், எனக்கே சபாஷ் போட்டுக்கொண்டேன். அப்பா பார்த்துவிட்டு, உயிரோடு இருக்கிற பிள்ளையை மூடி வைக்கிறாயே ஜோசஃபின் என்று மட்டும் சொன்னார். உங்களுக்கு என்ன தெரியும், வருகிறவர்களுக்குப் பதில் சொல்லப்போவது நீங்களா நானா என்று பாய்ந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். நாற்காலி போதாமல் பாய் விரித்தோம். இருபத்து மூன்று பேர். சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலமும் நன்றாகவே நடந்தது, நான் எதிர்பார்த்த மாதிரி யாரும் ஒன்றும் கேட்கவில்லை, மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். முடிகிற நேரத்தில் குளோரியா சுவரைப் பார்த்தாள். சிலுவைக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய உறை. அவள் கள்ளம் கபடமில்லாமல்தான் கேட்டாள்.

“அக்கா, அது யாரு படம்? சூசையப்பரா?”

மார்ச் மாதம் சூசையப்பர் மாதம், அதனால் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. எனக்கு வாயில் வேறெதுவும் வரவில்லை, ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதோடு போனதா? அப்படியானால் அவருக்கும் ஒரு மன்றாட்டு சொல்லிவிட்டுப் போவோம், அவர் மாதம் முடியப்போகிறதே என்று குளோரியா எல்லாரையும் அந்தப் பக்கம் திருப்பி முட்டி போட வைத்துவிட்டாள். இருபத்து மூன்று பேரும் உன் கல்யாணப் படத்துக்கு முன்னால் முட்டி போட்டு, சூசையப்பரே எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று சொல்கிறார்கள், நானும் அவர்களோடு சொல்கிறேன். குடும்பங்களுக்குக் காவலரே என்றார்கள், கன்னியர்களுக்குப் பாதுகாப்பே என்றார்கள், எனக்கு உறைக்குப் பின்னால் டென்சில் கோட்டும் சூட்டுமாக நிற்கிறதுதான் தெரிகிறது. தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அதிலிருந்து எனக்கு மனது சரியில்லை. ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிவிடலாம் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்றேன், எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் மாதிரி கிளம்பி வந்துவிட்டேன். குருத்தோலை ஞாயிறு போயிற்று, பெரிய வியாழன் பாதம் கழுவுகிற சடங்கும் போயிற்று. அன்றைக்குப் பிரசங்கத்தில் சின்ன ஃபாதர், சுரூபங்களை ஏன் மூடுகிறோம் என்று சொன்னார். வாய்க்கு நோன்பு போல அது கண்ணுக்கு நோன்பாம், பார்க்காமல் இருந்து இருந்து பார்க்க ஏங்க வேண்டுமாம். இத்தனை வருடம் தைக்கிறேன், எனக்கு இது யாரும் சொல்லவில்லை. நான் பார்க்க ஏங்கியா மூடினேன்? யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மூடினேன். ஆனால் ஸ்னேஹா, அங்கே உட்கார்ந்து இதை நினைத்ததும், உன் முகத்தை நேரில் பார்த்து இரண்டு வருடம் ஆகிறதே என்று எண்ணிப் பார்த்தேன். முந்தானையால் மூக்கைத் துடைத்தேன், பக்கத்திலிருந்தவர்கள் பிரசங்கத்தைக் கேட்டு உருகுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

நேற்று பெரிய வெள்ளி. மூன்று மணி வழிபாட்டில் மூடிய சிலுவையைக் கொண்டுவந்து, ஃபாதர் மூன்று தடவையாகத் திறந்து காட்டுவார், முதலில் மேல் பக்கம், அப்புறம் ஒரு கை, அப்புறம் முழுவதும். அதற்கென்றே அந்த உறைக்கு மூன்று இடத்தில் நாடா வைத்துத் தைப்பேன், சுருக்கு முடிச்சுதான் போட வேண்டும், இழுத்தால் அவிழ வேண்டும். காலையில் நான்தான் கட்டினேன், எங்கேயோ ஞாபகமாகக் கட்டியிருக்கிறேன். இரண்டு முடிச்சு அவிழ்ந்தது, மூன்றாவது வரவே இல்லை. ஃபாதர் இழுக்கிறார், இறுகுகிறது. பாட்டு நின்றுவிட்டது, கோவில் முழுக்க அமைதி. மணி கூட அடிக்காத நாள், ஒரு இருமல் கேட்டால் ஊருக்கே கேட்கும். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, ஆனால் எனக்கு இருக்க முடியவில்லை, எழுந்து வெறுங்காலோடு நடு வழியில் நடந்து போய் ஃபாதர் கையிலிருந்து அந்த நாடாவை வாங்கினேன். நகத்தால் நெம்பினேன், முடியாமல் பல்லால் கடித்து இழுத்தேன். அவிழ்ந்து துணி கீழே விழுந்ததும் எனக்கு ஒரு முழம் தூரத்தில் ஆண்டவரின் விலாக் காயம். அவரை யாரும் மூடி வைக்கவில்லை மகளே, ஊர் நடுவில், துணிகூட இல்லாமல், பார்க்கிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும் என்று நிறுத்தினார்கள். அவர் அம்மா முகத்தை மூடிக்கொண்டு ஓடவில்லை, பக்கத்திலேயே நின்றாள். நான் என் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன், அப்புறம் எல்லாரோடும் கோவிலில் ஊற்றுகிற நோன்புக் கஞ்சி குடித்தேன், வீட்டுக்கு வந்தேன்.

வந்து வேதாகமத்தைப் பிரித்து சூசையப்பர் வருகிற இடத்தைத் தேடிப் படித்தேன், அவர் பெயரைத்தானே பொய்க்கு இழுத்தேன். அவருக்கும் என் கதைதான். கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பமான மரியாளைப்பற்றி ஊர் என்ன பேசுமோ என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் விலக்கிவிடலாம் என்றுதான் அவரும் முதலில் யோசித்தார். நல்ல மனுஷன், அவள் பெயர் கெடக்கூடாது என்றுதான் யோசித்தார், நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் வானதூதர் கனவில் வந்து பயப்படாதே என்றார், அவர் தூங்கி எழுந்ததும் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஊர் பேசியதா இல்லையா என்று ஒரு வரி எழுதவில்லை. நான் ஜனவரியிலிருந்து எத்தனை தடவை தூங்கி எழுந்துவிட்டேன் பார்.

இன்றைக்குக் காலை, ஈஸ்டர் பூசைக்கு முன்னால் உறைகளைக் கழற்ற நானும் குளோரியாவும் கோவிலுக்குப் போனோம். வேறு யாரும் இல்லை. சூசையப்பர் உறையைக் கழற்றும்போது லீலிப்பூவில் துணி மாட்டிக்கொண்டது, அவள் ஸ்டூலில் நின்று எடுத்துவிட்டுக்கொண்டிருந்தாள், நான் கீழே துணியைப் பிடித்துக்கொண்டு நின்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் நீ பார்த்தது சூசையப்பர் இல்லை, என் மகள் கல்யாணப் படம், அந்தக் கல்யாணம் முடிந்துவிட்டது, அதை மறைக்கத்தான் மூடினேன் என்றேன். இவள் போய் ஊரெல்லாம் சொல்லட்டும் என்று துணிந்துதான் சொன்னேன். குளோரியா ஸ்டூலிலிருந்து இறங்கி, படியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள், நானும் சிரித்தேன், கோவிலில் நாங்கள் அப்படிச் சிரித்ததே இல்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, யார் மேல் தப்பு என்று கேட்கவில்லை.

“பொண்ணு எப்பக்கா வர்றா?”

இருபது வாய் என்ன கேட்குமோ என்று நான் ஜனவரியிலிருந்து பயந்தேனே, அந்தக் கேள்வி ஒன்றும் வரவில்லை, இதுதான் வந்தது. வராதே என்று நான்தான் சொல்லியிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வேன்? பார்க்கணும் என்று முனகிவிட்டுத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் கூடத்துக்குப் போய் உன் படத்து உறையை அவிழ்த்தேன். டென்சிலைக் காணோம். மாலையைக் காணோம். அதே சட்டத்துக்குள் நீ மட்டும் இருக்கிறாய், காலேஜ் முடித்த வருடம் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தாயே, அந்தப் படம், பெரிதாக்கி, கண்ணாடி துடைத்து, கச்சிதமாக. அப்பா பின்னால் வந்து நின்றார். நான் உறை போட்ட இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது கோல்ஸ் பார்க் பக்கம் ஸ்டுடியோவில் போட்டு வாங்கிவந்து மாற்றி, உறையைப் பழையபடி கட்டிவிட்டாராம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். நீயே கழற்றணும்னு இருந்தேன் என்றார். அப்படியானால் வெள்ளிக்கிழமை அவ்வளவு பேரும் முட்டி போட்டது என்று நான் இழுத்தேன்.

“நம்ம பொண்ணு முன்னாடி தான். அதான் நான் சத்தமா சொன்னேன்.”

நாங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவரை இப்படிக் கட்டிக்கொண்டு அழுததில்லை, அதிதி மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள், பார்க்கட்டும். ஸ்னேஹா, இருபத்து மூன்று பேர் உனக்கு முன்னால் வேண்டிக்கொண்டிருக்கிறார்கள், வாயில் கிளிப்போடு நீ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய், எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. அம்மாவை மன்னித்துக்கொள். நீ தப்பு பண்ணவில்லை. பண்ணியிருந்தாலும் இது உன் வீடு, இதை நான் ஜனவரியிலேயே முதல் வார்த்தையாகச் சொல்லியிருக்க வேண்டும். கல்யாணப் படத்தைக் கிழிக்கவில்லை, அப்பா பழுப்புக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார், நீ வந்து வைத்துக்கொள்கிறாயோ எறிகிறாயோ, அது உன் இஷ்டம், நான் வாயைத் திறக்க மாட்டேன். திறந்தாலும் அப்பா இருக்கிறார்.

ஆகவே நீ வா. ஈஸ்டருக்கு வருகிறேன் என்று நீ கேட்ட லீவை நான் தின்றுவிட்டேன், இன்னொரு லீவு கேள். மே மாதம் என்றால் மாம்பழம் இருக்கும், ஜூன் என்றால் மழை இருக்கும், எப்போது என்றாலும் நாங்கள் இருக்கிறோம். உன் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஏர்போர்ட்டுக்கு நானும் வருவேன், அப்பாவை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் சமைத்துக்கொண்டிருக்க மாட்டேன். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வெளியே போ, வெறும் பிரெட்டைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது சோறு வடி, அந்த ஊரில் பூசைக்குப் போக முடியாவிட்டால் பரவாயில்லை, படுக்கும் முன் ஒரு சிலுவை போட்டுக்கொள். கூட இருக்கிற சிநேகிதிக்கு என் நன்றியைச் சொல், நாங்கள் செய்ய வேண்டியதை அவள் செய்திருக்கிறாள்.

உயிர்த்த ஆண்டவர் உன் வாசலையும் வழியையும் காக்கட்டும், மாதா உன் தலைமாட்டில் இருக்கட்டும், சூசையப்பர் என்னை மன்னித்து உன்னைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும், அது அவருக்குப் பழகின வேலைதான். அப்பா போனை எடுத்துக்கொண்டு படம் பிடிக்கத் தயாராக நிற்கிறார், எழுத்து கோணலாக இருக்கிறது என்று குறை வேறு சொல்கிறார். மறக்காமல் ஒன்று செய். நாளைக் காலைப் பூசை முடிந்து குளோரியா மறுபடி என்னிடம் வருவாள், அவள் கேட்டதை விடுகிறவள் இல்லை. அதற்குள் எனக்கு ஒரு தேதி சொல். இந்தத் தடவை “சரிம்மா” என்று மட்டும் போடாதே, தேதியைப் போடு.

என்றும் உன் அம்மா
ஜோசஃபின்